கேம்பிங் வாசலில் சொன்ன பொய்

அந்தக் கோடையில் என் தங்கை குடும்பத்தோடு சுவிசிலிருந்து வருவதாகச் சொன்னாள். விமானத்தில் அல்ல. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு கேம்பர் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஜெனோவாவில் கப்பலேறி, இத்தாலியில் நாங்கள் இருக்கிற பலேர்மோவின் துறைமுகத்தில் வந்து இறங்குவது அவர்களுடைய திட்டம். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகன், மூன்று வயதில் ஒரு மகள். எங்களுக்கு ஒரே மகள், பதினொரு வயது. அவர்கள் வண்டிக்குள் படுப்பார்கள், நாங்கள் பக்கத்தில் கூடாரம் அடித்துக்கொள்வோம், ஒரு கிழமை, ஏழு நாளும் எல்லோரும் கடற்கரையில் ஒன்றாக இருப்போம் என்று பேச்சு.

இடத்தைத் தெரிவு செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அக்கா, நீங்களே பாத்து ஒரு நல்ல இடமாச் சொல்லுங்கோ. நீங்கள் கேம்பிங்கிலை வேலை செய்தனீங்கள்தானே" என்றாள் தங்கை தொலைபேசியில். அவளுடைய கணவர் இணையத்தில் படங்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப்போய் இருக்கிறாராம். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கவேண்டும், பெரிய வண்டியும் நிற்கவேண்டும், கூடாரமும் அடிக்கவேண்டும். இவையெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும் என்று அவரும் சொன்னாராம்.

எனக்குத் தெரியும் என்பது உண்மைதான். கல்யாணமாகி பலேர்மோவுக்கு வந்த புதிதில், இரண்டு கோடைகாலம் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில், கூடாரங்களுக்கும் வண்டிகளுக்கும் இடம் வாடகைக்கு விடுகிற ஒரு கேம்பிங்கில் வேலை செய்தேன். ஆனால் வீட்டாருக்கு நான் சொல்லியிருந்தது வரவேற்பு மேசையில் வேலை என்று. நான் செய்தது அங்கேயிருந்த குளியலறைகளையும் கழிப்பறைகளையும் கழுவுகிற வேலை.

அப்பா ஊரில் பள்ளிக்கூட ஆசிரியர். நானும் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருந்தேன். இங்கே வந்தபிறகு வயதானவர்களைப் பார்க்கிற வேலை செய்தால் ஊரில் அதைத் தாதி வேலைபோல எடுத்துக்கொள்வார்கள். என் கணவர் ஒரு வக்கீல் வீட்டில் சமைக்கிறார் என்றாலும் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. கக்கூஸ் கழுவுவது அப்படி அல்ல. எங்கள் ஊரில் அந்த வேலைக்கு வந்தவர்கள் வீட்டின் எந்தப் பக்கத்தால் வந்தார்கள், அவர்களுக்கு எந்தக் குவளையில் தேநீர் ஊற்றினோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தக் குவளையை எடுத்துக் கொடுத்தவளும் நான்தான். அதனால் அம்மா தொலைபேசியில் "என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டபோது, ஒரு கணமும் யோசிக்காமல் வரவேற்பு மேசை என்று சொல்லிவிட்டேன்.

அம்மா ஒரு படம் அனுப்பச் சொன்னார். அப்போது என்னோடு வேலை செய்தவள் ஒரு சிசிலியப் பெண். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன்பிடிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவள், என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. எனக்கு இத்தாலிய மொழி சரியாக வராத காலம். கையைக் காட்டியும் முகத்தைக் காட்டியும்தான் பேசிக்கொள்வோம். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று ஒரு படம் வேண்டும், அம்மாவுக்கு என்று அவளுக்கு எப்படியோ விளங்கப்படுத்தினேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. மேசையில் இருந்தவன் கோப்பி குடிக்கப் போன நேரம் பார்த்து என்னை அங்கே நிறுத்தினாள். என் கையுறைகளைக் கழற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். தன் கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுப் படம் எடுத்தாள். அந்தப் படத்தை அம்மா பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஊரில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார்.

இரண்டாவது கோடையில் நான் கர்ப்பமாக இருந்தேன். தண்ணீர் நிறைந்த வாளி ஒன்றைக்கூட அவள் என்னைத் தூக்கவிடவில்லை. தன்னுடையதையும் தூக்கி என்னுடையதையும் தூக்கினாள். முதலாளியின் ஆள் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் ஒரு வாளியை என் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள். மகள் பிறந்தபிறகு நான் அந்த வேலையை விட்டேன். கொஞ்சக் காலம் தொலைபேசியில் கதைத்தோம். பிறகு என் எண் மாறியது. புது எண்ணை அவளுக்கு நான் கொடுக்கவில்லை. பலேர்மோவுக்குள் போர்கோ வெக்கியோவில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கேம்பிங் பேருந்தில் முக்கால் மணி நேரம். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஆனால் மகளுக்கு அவளைப் பற்றிச் சொல்லியிருந்தேன். நீ வயிற்றில் இருந்தபோது உனக்காக வாளி தூக்கின ஒரு ஆன்ரி இருக்கிறா என்று சின்ன வயதில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு கேம்பிங்கை எப்படித் தெரிவு செய்வது என்பதைக் கழிப்பறை கழுவினவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. கூடாரம் அடிக்கிற நிலம் மண்ணாக இருக்கவேண்டும், கல்லாக இருந்தால் முளை இறங்காது. நிழல் மரநிழலாக இருக்கவேண்டும், பாயால் போட்ட கூரை பதினொரு மணிக்குப் பிறகு அனலைத்தான் கொட்டும். சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் கேட்பார்கள், அது பிழை. நாள் முழுக்க ஈரக்கால்கள் கூடாரத்தைத் தாண்டிப் போகும். நாற்பது ஐம்பது அடி தள்ளி இருப்பதே நல்லது. மத்தியானத்தில் வாகனங்களை உள்ளே ஓடவிடாத இடமாக இருக்கவேண்டும். கேம்பர் வண்டிக்கு மின்சாரம் எடுக்கிற தூண், கழிவை ஊற்றுகிற தனிக் குழி, உள்ளே திரும்ப அகலமான பாதை, இவை மூன்றும் வேண்டும். கடல் மணலாக, மெல்லமெல்ல ஆழமாகிறதாக இருக்கவேண்டும். இவை எல்லாம் ஒன்றாக இருந்த ஒரே இடத்தை நான் அறிவேன். அந்த இடத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் நான் இரண்டு கிழமை கணினியில் தேடினேன்.

நீங்கள் வேலை செய்த இடத்துக்கே போவோமே என்று தங்கை ஒருமுறை கேட்டாள். அதை எப்போதோ மூடிவிட்டார்கள் என்றேன். கடைசியில் நகரத்திலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு மலைச்சரிவில் இருந்த ஒரு இடத்தைப் பதிவு செய்தேன். அதன் படங்களில் நீலக் கடலும் பூஞ்செடிகளும் இருந்தன. நிலத்தின் படம் ஒன்றுகூட இல்லை. அதைக் கவனித்தும் பதிவு செய்தேன். தெரிந்த முகம் ஒன்றும் அங்கே இருக்காது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அவர்கள் வந்து இறங்கிய அடுத்த நாள் காலையில் புறப்பட்டோம். பெருந்தெருவை விட்டு இறங்கியதும் பாதை ஒடுங்கிக்கொண்டே போனது. இரு பக்கமும் கருங்கல் மதில். ஒரு வளைவில் கேம்பர் வண்டி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது. எங்கள் சின்னக் காரிலிருந்து இறங்கி என் கணவர் கையைக் காட்டிக் காட்டி வழி சொன்னார். அப்படியிருந்தும் வண்டியின் ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் மதிலில் உரசிய சத்தம் கேட்டது. தங்கையின் கணவர் இறங்கிவந்து கீறலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் வண்டியில் ஏறினார்.

உள்ளே வண்டிகளுக்கு வாசலோடு சேர்ந்த இடம், கூடாரங்களுக்குப் படிப்படியாக வெட்டிய சரிவில் கீழே இடம். இரண்டு குடும்பமும் ஒன்றாக இருக்கவே முடியாது. நிலம் கல். என் கணவர் ஒரு மணி நேரம் முளைகளை அடித்து, நான்கு முளைகளை வளைத்துவிட்டு, கயிறுகளைக் கற்களில் கட்டினார். மகள் கழிப்பறைக்குப் போக எண்பது படி ஏறவேண்டியிருந்தது. கடலுக்குப் போகக் கீழே இன்னும் படிகள். கீழே மணல் இல்லை, பாறை. அடுத்த நாள் காலையில் தங்கையின் மகன் அந்தப் பாறையில் ஒட்டியிருந்த, உடம்பெல்லாம் முள்ளான கடல்முள்ளியை மிதித்தான். குதிக்காலில் கறுப்பு முட்கள் ஏழெட்டு ஏறிவிட்டன. தங்கை அவனை மடியில் போட்டுக்கொண்டு ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். பிள்ளை கத்திய கத்தலில் பக்கத்துக் கூடாரத்துக்காரர் வந்து வினாகிரி தந்தார்கள். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இது என்னால் வந்தது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மத்தியானம் தங்கையின் கணவர் கையில் போனோடு வந்தார். அவர்கள் இருப்பது சுவிசில் இத்தாலிய மொழி பேசுகிற பகுதி. அதனால் அவருக்கு யாரையும் எதையும் கேட்க என் துணை தேவையில்லை.

"மச்சாள், உங்கடை வீட்டிலையிருந்து இருவது நிமிச ஓட்டத்திலை ஒண்டு இருக்கு. குடும்பங்களுக்கு நல்லமெண்டு எல்லாரும் எழுதியிருக்கினம். இதை நீங்கள் பாக்கேல்லையோ?"

திரையில் அந்த வாசல் இருந்தது. அதே மரங்கள், அதே பச்சை நிறக் கதவு.

"அங்கை இடமில்லையெண்டு சொன்னவை" என்றேன்.

"நான் இப்ப எடுத்துக் கேட்டனான். இடம் இருக்காம்."

அவர் குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. நான் கூடாரத்தின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினேன்.

பதினொரு வருடத்தில் அவள் வேறு வேலைக்குப் போயிருப்பாள் என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வாசலில் வண்டிகளை நிறுத்திவிட்டு, கடவுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் இறங்கி நின்றோம். அப்போது வாளிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு அவள் மூலையைத் திரும்பி வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள், தலைமயிரைக் குட்டையாக வெட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் தள்ளுவண்டியை நடுப்பாதையில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் இரண்டு தோள்களையும் பிடித்தாள். எங்கே போனாய், ஏன் ஒரு செய்தியும் இல்லை, பிள்ளை எங்கே என்று வேகமாகச் சிசிலிய மொழியும் கலந்து கேட்டாள்.

தங்கை சிரித்துக்கொண்டே பார்த்தாள். யார் இது என்று கேட்பதற்கு அவள் வாய் திறந்துவிட்டது. நான் ஒரு அடி பின்னால் எடுத்து வைத்து, இத்தாலிய மொழியில், நல்ல தெளிவான இத்தாலிய மொழியில் சொன்னேன்:

"நீங்கள் என்னை வேறு யாரோ என்று நினைக்கிறீர்கள், சிஞ்ஞோரா."

அவள் கைகள் என் தோளிலிருந்து இறங்கின. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தங்கையை, அவள் கணவரை, சுவிஸ் இலக்கத்தகடு போட்ட பெரிய வண்டியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அது எனக்கும் தெரிந்தது.

"மன்னிக்கவேண்டும், சிஞ்ஞோரா" என்றாள். "உங்களைப் போல ஒருத்தி முன்பு என்னோடு வேலை செய்தாள். நல்ல பிள்ளை."

இத்தாலிய மொழியிலும் நம் மொழியைப்போல நீ என்றும் நீங்கள் என்றும் உண்டு. ஓடிவந்தபோது நீ என்றாள். இப்போது நீங்கள் என்றாள், அம்மணி என்பதுபோல சிஞ்ஞோரா என்றும் சேர்த்தாள். திரும்பிப் போய்த் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இவையளுக்கு எங்களை எல்லாரையும் பாத்தால் ஒரே மாதிரித்தான் இருக்கும் போலை" என்று தங்கை சொல்லிச் சிரித்தாள். நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியாதது. என் கணவருக்கு எல்லாம் தெரியும். அவர் குனிந்து கூடாரப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இடம் நான் நினைவில் வைத்திருந்தது போலவே இருந்தது. மரநிழல், மண் நிலம், வண்டியும் கூடாரமும் பக்கத்தில் பக்கத்தில். முளைகள் எல்லாம் பத்து நிமிடத்தில் இறங்கின. மகள் வாடகைச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், சின்னவர்கள் இருவரும் மரத்தடியில் மண் அளைந்தார்கள். இதை விட்டுவிட்டு அங்கே போனோமே என்று தங்கை இரண்டு தடவை சொன்னாள்.

பொழுது சாயும் நேரம் மகள் என்னிடம் தனியாக வந்தாள்.

"அம்மா, அவதானே அந்த ஆன்ரி? வாளி தூக்கினவ?"

நான் கயிற்றில் காய்ந்த துணிகளை எடுத்தேன்.

"தெரியாதெண்டு ஏன் சொன்னீங்கள்?"

"சித்திக்கு முன்னாலை அதைப் பற்றிக் கதைக்காதை" என்றேன். "வீட்டை போய்ச் சொல்லுறன்."

அவள் சரி என்றாள். ஆனால் அதற்குப் பிறகு சித்தி பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினாள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அளந்தாள். பொய்யை நான் பதினொரு வயதுப் பிள்ளையின் கையிலும் கொடுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தங்கையின் கணவர் கேம்பர் வண்டியின் கழிவுப் பெட்டியைக் கழற்றினார். சக்கரம் வைத்த, ஒரு சின்னப் பயணப்பெட்டி அளவான பெட்டி அது. நிறைந்துபோயிருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் அவசரத்தில் ஏதோ காட்டிவிட்டுப் போய்விட்டார்களாம்.

"இதை எங்கை ஊத்திறது மச்சாள்? உங்களுக்குத் தெரியும்தானே" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். கழிப்பறைக் கட்டடத்தின் பின்பக்கம், மதிலோடு, இரும்பு மூடி போட்ட குழி. அதைக் கழுவுவது எப்படி, காற்றை விடுகிற பொத்தானை அழுத்தாமல் சரித்தால் எப்படித் தெறிக்கும் என்பதெல்லாம் தெரியும். இங்கே எதெது எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும், நான் வேலை செய்த இடத்திலும் உள்ளே மேசையில் இருந்தவள்தானே என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போனேன்.

அவர் அதைச் சாதாரணக் கழிப்பறை ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சரித்துவிட்டார். அது ஒரேயடியாகக் கொட்டி, கிண்ணம் நிறைந்து, நிலத்தில் பரவிக் கதவுக்கு வெளியே வந்தது. முகம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். அவர் வெலவெலத்துப்போய் நின்றார். யாரோ போய்ச் சொல்ல, அவள் வாளியும் துணியும் கொண்டு வந்தாள். அவர் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார், தானும் துடைக்கிறேன் என்றார். அவள் விடவில்லை. பரவாயில்லை, முதல் தடவை வருகிற எல்லோருக்கும் நடக்கும் என்றாள். முழங்காலில் இருந்து துடைக்கத் தொடங்கினாள்.

நான் அவளிடமிருந்து ஐந்து அடி தூரத்தில், வாயில் பற்பசை நுரையோடு நின்றேன். ஒரு துணி எடுத்திருக்கலாம். இன்னொரு வாளியில் தண்ணீர் பிடித்திருக்கலாம், குழாய் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. துடைத்து முடித்தபிறகு அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்பக்கக் குழியைக் காட்டி, பொத்தானை எப்படி அழுத்துவது என்றும் காட்டிக் கொடுத்தாளாம். எவ்வளவு நல்ல பெண் என்று அவர் வந்து சொன்னார்.

கூடாரத்துக்குள் நான் துணி மடிப்பதுபோல இருந்தேன். என் கணவர் உள்ளே குனிந்து பார்த்து, "போய் அவவோடை கதை" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானம் ஒரு மணிக்கு எல்லோரும் படுக்கிற நேரம் அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். கட்டடத்தின் பின்னால், நிலம் கழுவுகிற மருந்துப் போத்தல்கள் வைக்கிற சின்ன அறை. அந்த வாசற்படியில் இருந்து பாணும் தக்காளியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஏதாவது தேவையா, சிஞ்ஞோரா?"

மன்னித்துவிடு என்றேன். தங்கை வந்திருக்கிறாள், வீட்டில் நான் அப்போது சொன்ன பொய் உனக்குத் தெரியும்தானே, அந்த நேரத்தில் வாயில் வேறு எதுவும் வரவில்லை என்று ஏதேதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அந்தப் படம் உங்கள் அம்மாவுக்காக எடுத்தோம்" என்றாள். "அம்மா தூரத்தில் இருந்தார், கவலைப்படுவார். அது எனக்கு விளங்கியது. நேற்று நீங்கள் சொன்னது யாருக்காக?"

நான் படியில் கிடந்த பாண் துகள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது எழுதும்போதும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அந்தச் சைக்கிள் ஓடுகிற பெண்தான் அப்போது வயிற்றில் இருந்த பிள்ளையா என்று கேட்டாள். ஓம், அவள்தான் என்றேன். நேற்றுப் பின்னேரம் வந்து தனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள், வேறொன்றும் பேசவில்லை, ஏன் என்று யோசித்தேன் என்றாள். பிறகு, நிலம் ஈரமாக இருக்கிறது, வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றாள். கடைசிவரைக்கும் அவள் நீ என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் நானும் தங்கையும் தனியாக நின்றபோது எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கழிப்பறை வேலை, அலுமாரிப் படம், மூடிவிட்டார்கள் என்றது, இடமில்லை என்றது, வாசலில் நடந்தது. சொல்லும்போது கையில் ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டேயிருந்தேன். அழுவாள், என்னைக் கட்டிப்பிடிப்பாள், அல்லது அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்பாள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். அவளுக்குக் கோபம் வந்தது.

"அப்ப இந்த இடம் உங்களுக்கு முதலே தெரியும். தெரிஞ்சுகொண்டு எங்களை அந்தக் கல்லுக்குள்ளை கொண்டுபோய் விட்டனீங்கள். என்ரை பிள்ளையின்ரை காலிலை முள்ளு ஏறினதும் அதாலைதான்."

ஓம் என்றேன்.

"கக்கூஸ் கழுவினதுக்கே இவ்வளவும்? நான் வந்த புதிசிலை ஆசுப்பத்திரியிலை என்ன கழுவினனான் எண்டு உங்களுக்குச் சொன்னனானோ? நீங்கள் கேக்கவுமில்லை."

உண்மை. நான் கேட்டதே இல்லை. அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போனாள். பிறகு நின்றாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"நான் அவவைப் பற்றி அப்பிடிச் சொல்லிச் சிரிச்சனான். நீங்களும் ஓம் எண்டு தலையாட்டினீங்கள்" என்றாள். "அவ என்னெண்டு நினைச்சிருப்பா?"

எங்கள் மொழி அவளுக்குத் தெரியாது என்றேன். சிரிப்பு விளங்கும்தானே என்றாள் தங்கை.

அடுத்த நாள் காலை நான் கூடாரத்திலிருந்து வெளியே வந்தபோது, தங்கை கழிப்பறைக் கட்டடத்தின் படியில் அவளோடு இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். வண்டிக்குள் போட்ட கோப்பியை இரண்டு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் போயிருந்தாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. தங்கை அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும், இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததும் கேட்டது. பதினொரு வருடமாகவும் மூன்று நாளாகவும் என்னால் செய்ய முடியாததை அவள் ஒரு கோப்பியோடு செய்துவிட்டாள். எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. பொறாமைபோல ஒன்றுதான் வந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மகள் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளிடம் போனாள். தன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா எப்படி வேலை செய்தாள் என்று கேட்டாளாம். அவளும் சொன்னாளாம். அந்தக் கதையில் நான் நல்லவளாகவே இருந்தேன் என்று மகள் சொன்னாள்.

மிச்ச நாட்கள் நன்றாகவே போயின என்றுதான் சொல்லவேண்டும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு நாள் எல்லோரும் மீன் சாப்பிட்டோம். பிள்ளையின் குதிக்கால் ஆறியது. அவனுடைய அப்பா வண்டியின் கீறலைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. தங்கை அவருக்கு எவ்வளவு சொன்னாள் என்றும் எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் கப்பலுக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும்போது தங்கை கண்ணாடியை இறக்கி, "அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டன்" என்றாள். அது எனக்குச் செய்த உதவி அல்ல என்பது எனக்கு விளங்கியது.

அம்மாவுக்குச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். அலுமாரியில் இருந்த படத்தை எடுத்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

போன சித்திரையில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற மன்னார்ப் பெண் ஒருத்தி என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். ஜெர்மனியிலிருந்து கேம்பர் வண்டியில் அவளுடைய அண்ணன் வருகிறாராம், இவர்கள் கூடாரம் அடிக்கப்போகிறார்களாம், பிள்ளைகளோடு இருக்க எந்த இடம் நல்லது என்று கேட்டாள். நான் சொன்னேன். படங்களை நம்பவேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் போய் நேரே பாருங்கோ, முதலில் கழிப்பறையைப் பாருங்கோ, நிலத்தைக் காலால் கிளறிப் பாருங்கோ, வண்டி திரும்புகிற அகலம் இருக்கிறதா என்று பாருங்கோ என்று சொல்லிக்கொண்டே போனேன். அவளுக்கு ஆச்சரியம்.

"இதெல்லாம் உங்களுக்கு என்னெண்டு அக்கா தெரியும்?"

சமையலறையில் நான் தனியாகத்தான் நின்றேன். ஆனாலும் முகம் சூடானது. வரவேற்பு மேசை என்ற சொல் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது, இத்தனைக்கும் பிறகும் வந்தது.

"அங்கை ரண்டு வருசம் கக்கூஸ் கழுவினனான்" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் பேனையால் எதையோ எழுதுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள், அங்கே இரவில் நுளம்பு கடி கூடவோ என்று கேட்டாள்.